அம்சத்தின் பட்டாபட்டிக் கொடி

எங்கள் பக்கத்தில் எந்தக் கட்சிக் கொடி பறந்தாலும் அதன் ஓரத்தை மடித்துத் தைத்தவன் நான்தான். என் பெயர் யூனுஸ். மன்னார்குடிக்குத் தெற்கே நெடுவாக்கரை வாய்க்கால் பாலத்தை ஒட்டி என் தையல்கடை. தேர்தல் வந்துவிட்டால் காலையில் ஆளும் கட்சிக் கொடி, மத்தியானம் எதிர்க்கட்சிக் கொடி, சாயங்காலம் சங்கத்துக் கொடி என்று மிஷின் ஓயாமல் ஓடும். நூலை மாற்றிக்கொள்வேனே தவிர கருத்தை மாற்றிக்கொள்ள மாட்டேன். எனக்குக் கருத்தே கிடையாது. இப்படிப்பட்டவன் ஒரு வயல் தகராறுக்காகத் தாலுகா ஆபீஸில் கைகட்டி நின்றேன் என்றால் அதற்கு அம்சம்தான் காரணம். இல்லை, நியாயமாகச் சொன்னால் நான்தான் காரணம். அவள் கதையைச் சொல்ல உட்கார்ந்துவிட்டு அவள் தலையிலேயே பழியைப் போடக் கூடாது.

அம்சம் கீழத்தெரு ஐயாவுவின் மகள். ஐயாவுவின் அப்பா பண்ணையாளாக இருந்து செத்தவர். ஐயாவு ஒரு படி மேலே வந்து, மிராசுதார் துரைக்கண்ணுவின் மூன்று மா, அதாவது ஒரு ஏக்கர், நிலத்தைக் குத்தகைக்கு எடுத்துப் பதினெட்டு வருஷமாக உழுதுகொண்டிருந்தார். எல்லாம் வாய்வார்த்தைதான். அந்த வாய்வார்த்தையில்தான் விஷயமே இருக்கிறது. குத்தகைக்காரன் பெயரைத் தாலுகா ஆபீஸில் பதிந்துவிட்டால் அவனை நிலத்திலிருந்து லேசில் கிளப்ப முடியாது என்று சட்டம் வந்திருந்தது. அதனால் நிலம் வைத்திருந்தவர்களுக்கு அரிவாளைக் கண்டுகூட அவ்வளவு பயமில்லை, பேனாவைக் கண்டால்தான் பயம். துரைக்கண்ணு பதினெட்டு வருஷத்தில் ஐயாவுவுக்கு ஒரு துண்டுச்சீட்டு எழுதிக் கொடுத்ததில்லை. தீபாவளி வாழ்த்தைக்கூட வாயால்தான் சொல்வார்.

இந்த ஐயாவுவின் மகள் கோயமுத்தூரில் இருக்கும் பெரிய சர்க்கார் பல்கலைக்கழகத்துக்குப் படிக்கப் போனாள். விவசாயத்தில் நாலு வருஷப் படிப்பை முடித்தாள். அதோடு நிற்காமல் மேல்படிப்பும் எடுத்தாள். இயற்கை வளப் பாதுகாப்பு என்று அதற்குப் பெயர். மண்ணையும் தண்ணீரையும் வீணாகாமல் காப்பது எப்படி என்று இரண்டு வருஷம் படிக்க வேண்டும். எங்கள் ஊருக்கு இது விளங்கவில்லை. ஊசி போடப் படித்தால் நர்ஸ், சட்டம் படித்தால் வக்கீல். மண்ணைப் படித்தால் என்ன?

துரைக்கண்ணு என் கடையில் உட்கார்ந்திருந்த ஒருநாள் அவளிடமே கேட்டார்.

"மண்ணையும் தண்ணியையும் பாதுகாக்குற படிப்பா? யாருகிட்டேருந்தும்மா பாதுகாக்கணும்?"

"நம்மகிட்டேருந்துதாங்க" என்றாள் அம்சம்.

அவள் மனிதர்களைச் சொன்னாள். துரைக்கண்ணு அதைத் தன்னைச் சொன்னதாக எடுத்துக்கொண்டார். நிலத்தை மிராசுதாரிடமிருந்து காப்பாற்ற சர்க்கார் செலவில் ஒரு படிப்பு நடக்கிறது என்று அன்று அவர் மனதில் விழுந்த சந்தேகம் கடைசிவரை போகவே இல்லை.

அம்சம் விடுமுறைக்கு வரும்போதெல்லாம் என் கடைக்கு வருவாள். வயலில் நில அளவைப் பயிற்சிக்குக் காக்கிக் கால்சட்டை வேண்டுமென்று கேட்டாள். ஒரு பெண்ணுக்கு நான் கால்சட்டை தைத்தது அதுதான் முதல் தடவை. அளவெடுக்க என் வீட்டுக்காரி கமருன்னிஸாவை அனுப்பினேன். அவள் வெட்கப்பட்டுக்கொண்டே அளந்ததில் இரண்டு அங்குலம் கூடிவிட்டது. அந்தக் கால்சட்டையை இடுப்பில் கயிறு போட்டுக் கட்டிக்கொண்டே அம்சம் ஒரு பட்டத்தை வாங்கினாள் என்று இன்றைக்கும் சொல்வேன்.

அந்தப் பல்கலைக்கழகத்தைப் பற்றி அவள் சொல்லக் கேட்டால் சிரிப்பாக இருக்கும். எங்கள் ஊர் வயல், குளம், கோயில், சுடுகாடு எல்லாவற்றையும் உள்ளே தூக்கி வைத்தாலும் இடம் மிச்சமிருக்குமாம். முதல் வருஷம் மலைச்சரிவில் மண் அரிக்காமல் வரப்புப் போடுவது எப்படி என்று பாடம். அம்சம் அதுவரை மலையைப் பார்த்ததில்லை. பேராசிரியர் அவளை எழுப்பி, "உங்க ஊரில் தண்ணீர் எந்தத் திசையில் ஓடும்?" என்று கேட்டிருக்கிறார். "அது எங்க தண்ணிக்கே தெரியாதுங்க சார், வாய்க்காலைப் பார்த்து ஓடும்" என்றாளாம். வகுப்பே சிரித்திருக்கிறது. அதில் என்ன தப்பு? எங்கள் பூமி அப்படி, தாம்பாளத்தைக் கவிழ்த்து வைத்த மாதிரி மட்டம்.

விடுதியில்தான் அவளுக்கு நிஜமான பாடம் கிடைத்தது. போன முதல் நாள் கால் கழுவ மட்டும் மூன்று வாளித் தண்ணீர் ஊற்றியிருக்கிறாள். ஆற்றங்கரையில் பிறந்த கால் அல்லவா? பின்னால் நின்றிருந்த பல்லடத்துப் பெண் அழுதேவிட்டாளாம். அவள் வீட்டுக் கிணற்றில் நூற்றிருபது அடிக்குக் கீழே தண்ணீர், அதுவும் கலங்கல். மூன்று வாளி என்றால் அவள் வீட்டில் ஒரு நாள் பாடு.

"அன்னைக்கு எனக்கு ராத்திரி சோறு எறங்கல பாய்" என்றாள் அம்சம். "நம்ம ஊர்ல வரப்பு உடைஞ்சு தண்ணி ஓடினாக்கூட, ஓடட்டும்னு தாண்டிப் போயிடுறோம்."

அந்தக் கண்ணீரில் முளைத்ததுதான் அவள் ஆராய்ச்சி. நெல்லுக்கு எப்போதும் தண்ணீர் நின்றுகொண்டே இருக்க வேண்டுமா என்று அவளுக்குக் கேள்வி. வயலைக் காயவிட்டு, மண்ணில் மயிரிழை வெடிப்பு விட்ட பிறகு பாய்ச்சினால் என்ன? காய்ச்சலும் பாய்ச்சலும் என்பார்கள். அதை உழவன் வயலிலேயே செய்து பார்த்து, நாள் தவறாமல் அளந்து எழுத வேண்டும். ஒரு குறுவைப் போகம்தான் அவளுக்குக் கிடைத்த அவகாசம். அது கெட்டால் அடுத்த குறுவை வரை காத்திருக்க விடுதியில் இடமும் கிடையாது, உதவித்தொகையும் கிடையாது. படிப்பு அந்தரத்தில் நிற்கும்.

ஐயாவு தன் குத்தகை நிலத்தில் ஒரு மாவைப் பிரித்துக் கொடுத்தார். அதை அம்சம் பன்னிரண்டு பாத்தியாக வரப்புக் கட்டினாள். ஆறு பாத்தியில் வழக்கம்போலத் தண்ணீர் நிற்கும். ஆறு பாத்தி காய்ச்சல் பாய்ச்சல். பாத்திக்குப் பாத்தி மூங்கில் குச்சி நட்டு, தினம் காலையில் அடிக்கோல் வைத்துத் தண்ணீர் உயரம் பார்த்து நோட்டில் குறித்தாள். அந்த நோட்டின் முதல் பக்கத்தில் 'நிலம்: துரைக்கண்ணு. குத்தகை உழவர்: ஐயாவு, பதினெட்டு ஆண்டுகளாக' என்று எழுதியிருந்தது. பல்கலைக்கழகத்தில் அப்படித்தான் எழுதச் சொல்லியிருந்தார்கள்.

நட்ட பத்தாம் நாளே வில்லங்கம் வந்தது. அம்சம் காலையில் போய்ப் பார்த்தால், காய வேண்டிய ஆறு பாத்தியிலும் தண்ணீர் நிற்கிறது. யார் செய்தது? ஊரே செய்தது. காய்ந்து கிடக்கும் நெல்வயலைப் பார்த்துவிட்டுச் சும்மா தாண்டிப் போக எங்கள் ஊர்க்காரனுக்கு மனசு வராது. கையில் மண்வெட்டி இல்லாவிட்டாலும் கால் கட்டைவிரலால் வரப்பை நோண்டித் தண்ணீரை உள்ளே விட்டுவிட்டுத்தான் போவான். அது யார் வயல் என்றுகூடப் பார்க்கமாட்டான். பால்காரர் விட்டிருக்கிறார். பள்ளிக்கூட வாத்தியார் விட்டிருக்கிறார். துரைக்கண்ணுவின் சம்சாரம் மங்களாம்பிகை அம்மாள் கோயிலுக்குப் போகும் வழியில் புடவையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, "பாவம், பச்சப்புள்ள மாதிரி வாடுது" என்று இரண்டு பாத்திக்கு விட்டிருக்கிறார். புண்ணியம் செய்தே அந்தப் பெண்ணின் படிப்பைக் கெடுக்கப் பார்த்தார்கள்.

சொல்லிப் பார்த்தாள், யாரும் கேட்கவில்லை. என்னிடம் வந்தாள்.

"பாய், தூரத்திலேருந்து பாத்தாலே தெரியுற மாதிரி ஏதாச்சும் துணி இருந்தா ஆறு துண்டு குடுங்க. அந்தப் பாத்திக்குத் தண்ணி விடக் கூடாதுன்னு அடையாளம் வைக்கணும்."

இங்கேதான் என் புத்தி புல் மேயப் போனது. விவசாயத் தொழிலாளர் சங்கத்துக்கு மே தினத்தன்று தைத்ததில் நல்ல சிவப்புத் துணி மீந்திருந்தது. தடுத்து நிறுத்துவதற்குச் சிவப்புதானே, ரயிலுக்கே அதைத்தானே காட்டுகிறார்கள் என்று நினைத்து, ஆறு முக்கோணமாக வெட்டி ஓரம் தைத்தே கொடுத்தேன். தையற்காரன் புத்தி, ஓரம் தைக்காமல் கொடுக்கக் கை வரவில்லை. கொடுத்தபோது அது கொடியாகிவிட்டது என்பது எனக்கு உறைக்கவில்லை. கோயமுத்தூரில் இருந்து இருந்து அவளுக்கும் ஊர் வழக்கம் மறந்திருந்தது.

எங்கள் தாலுகாவில் வயலில் சிவப்புக் கொடி ஏறினால் அந்த வயலில் போராட்டம் என்று அர்த்தம். கொடி இறங்கும்வரை யாரும் அந்த வயலில் இறங்க மாட்டார்கள்.

மறுநாள் விடிந்ததும் அம்சம் ஆறு கொடியையும் நட்டுவிட்டு, புது அடிக்கோல் வாங்க மன்னார்குடிக்குப் பஸ் ஏறிவிட்டாள். அன்றைக்குக் களையெடுப்பு. பதினான்கு பெண்கள் வந்தார்கள். கொடியைப் பார்த்தார்கள். அப்படியே வரப்பில் உட்கார்ந்துவிட்டார்கள். அந்தக் கூட்டத்துக்கு முன்னத்தி ஆளே அம்சத்தின் அம்மா ராமாயிதான்.

ஐயாவு தலையில் அடித்துக்கொண்டார். "ஏ ராமாயி, அது நம்ம பொண்ணு நட்டதுடி. எறங்குங்கடி."

"தெரியும். எம் பொண்ணு நட்டதுதான். அதுக்காக? கொடி கொடிதானே" என்றாள் ராமாயி. "கூலி கேட்டு நின்ன வருசம் நாப்பது நாளு அந்தக் கொடியத் தாண்டல. இப்பத் தாண்டுனா நாக்கு அழுவிப்போவும்."

அவள் மேல் எனக்குக் கோபமே வரவில்லை. அந்த நாற்பது நாளும் அவர்கள் வீட்டு அடுப்பில் நத்தையும் நண்டும்தான் வெந்தன.

எட்டு மணிக்குச் சங்கத்துக் கிளைச் செயலாளர் கோவிந்தராசு சைக்கிளில் வந்தார். இந்த வயலில் போராட்டம் என்று அவருக்கே அப்போதுதான் தெரியும். மேலிடம் தன்னைக் கேட்காமலே அறிவித்துவிட்டதோ என்று உள்ளுக்குள் குமைந்தார். ஆனால் தெரியாது என்று சொன்னால் செயலாளர் மரியாதை என்ன ஆவது? சைக்கிளைச் சாத்தினார். வரப்பில் ஏறினார். முஷ்டியை உயர்த்தி, "வெல்லட்டும் வெல்லட்டும்!" என்றார். பெண்கள், "போராட்டம் வெல்லட்டும்!" என்றார்கள். பக்கத்து வயல்களிலிருந்தும் ஆட்கள் கரையேறி வந்தார்கள். ஒன்பது மணிக்கு அறுபது பேர். அவ்வளவு நாள் அந்தப் பாத்திகளுக்குத் தண்ணீர் விட்ட பால்காரரும் வந்து கோஷம் போட்டார்.

துரைக்கண்ணு செய்தி கேட்டதும் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு நேரே போலீஸ் ஸ்டேஷனுக்கு ஓடினார். "என் நிலத்தைப் புடிச்சுட்டாங்க. குச்சி நட்டு, நம்பர் போட்டு, நோட்டுல எழுதியும் வெச்சுட்டாங்க" என்று புகார். ஒரு சப்-இன்ஸ்பெக்டரும் நாலு போலீஸாரும் வந்து பூவரசமரத்தடியில் நின்றார்கள். பதினொன்றரைக்கு அடிக்கோலோடு பஸ்ஸை விட்டு இறங்கிய அம்சம், தன் ஆராய்ச்சி வயலைச் சுற்றி ஒரு திருவிழாவே நடப்பதைப் பார்த்து வாயைப் பிளந்தாள்.

கோவிந்தராசு அவளைத் தனியாகக் கூப்பிட்டு, யாருக்கும் கேட்காமல், "ஏம்மா, நாம எதுக்காகப் போராடுறோம்? கோரிக்கை என்ன?" என்றார்.

"கோரிக்கையா? தண்ணியக் குறைக்கணுங்க."

"இருவத்திரண்டு வருசமா சங்கத்துல இருக்கேன். இந்தக் காவேரிப் பாசனத்துல தண்ணி வேணாம்னு கொடி புடிச்ச மொத ஆளு நீதாம்மா" என்றார் கோவிந்தராசு. ஆனாலும் கூடிய கூட்டத்தைக் கலைக்க முடியுமா? அந்தக் கோரிக்கையை மட்டும் விட்டுவிட்டு மற்ற கோஷங்களைப் போட்டார்.

துரைக்கண்ணு எல்லார் முன்னாலும் கத்தினார்: "நாளைக்குப் பொழுது சாயறதுக்குள்ள டிராக்டர விட்டுப் பன்னெண்டு பாத்தியையும் ஒண்ணாக்கலேன்னா நான் துரைக்கண்ணு இல்ல!" அம்சத்தின் முகம் செத்துவிட்டது. நாள் தவறாமல் அளந்த கணக்கு, ஆறு வருஷப் படிப்பு, எல்லாம் அந்தப் பன்னிரண்டு பாத்தி வரப்பில்தான் இருந்தது. அந்தச் சிவப்பை வெட்டிக் கொடுத்த கத்தரிக்கோல் என்னுடையது.

மறுநாள் பத்து மணிக்குத் தாலுகா ஆபீஸில் பேச்சுவார்த்தை. மிராசுதார், சங்கம், ஐயாவு, அம்சம், கொடி தைத்த குற்றத்துக்காக நான். அவசரத்தில் கடைப் பையை அப்படியே தூக்கிக்கொண்டு போயிருந்தேன். தாசில்தார் மத்தியானச் சாப்பாட்டுக்குள் முடித்துவிட வேண்டும் என்ற ஒரே கொள்கை உள்ளவர்.

"கொடிக்குச் சங்கம் ஆர்டர் குடுத்துச்சா?" என்று என்னைக் கேட்டார்.

"இல்லீங்க. மே தினத்துக்குத் தச்சதுல மீந்த துணிங்க."

கோவிந்தராசு என்னைப் பார்த்த பார்வையில் நான் பொசுங்கியிருக்க வேண்டும். ஆனால் தேர்ந்த ஆள். "துணி மிச்சமா இருக்கலாங்க. எங்க கோரிக்கை மிச்சமில்ல" என்று சமாளித்தார்.

அம்சம் எழுந்து தன் ஆராய்ச்சியை முழுக்க விளக்கினாள். வெடிப்பு, வேர், அடிக்கோல், பல்லடத்துப் பெண்ணின் கண்ணீர் எல்லாவற்றையும் சொன்னாள். தாசில்தார் கண்ணைத் துடைத்துக்கொண்டார். கொட்டாவியாகவும் இருக்கலாம்.

"சரிம்மா. சிவப்ப எடுத்துடு. வேற கலர் வெச்சுக்க."

வேறு என்ன கலர் வைப்பது? இந்த இடத்தில் ஊரிலேயே விவரம் தெரிந்தவன் நான் ஒருவன்தான். கறுப்பும் சிவப்பும் வைத்தால் ஒரு கட்சி. நடுவே வெள்ளை நுழைந்தால் அதற்கு எதிர்க்கட்சி. பச்சை வைத்தால் நிலக்காரர்கள் சங்கம், அல்லது எங்கள் ஜமாத். நீலம் வைத்தால் கீழத்தெரு என்று மேலத்தெரு சண்டைக்கு வரும். காவி வைத்தால் பழனிக்கு நடைப்பயணம். மஞ்சள் வைத்தால் மாரியம்மன் இறங்கிவிட்டாள் என்று விளக்கேற்றிக் கூழ் ஊற்றுவார்கள், பாத்தி மிதிபடும். வெறும் வெள்ளை எழவு வீட்டுக்கு ஆகும். ஒவ்வொன்றாக நான் சொல்லச் சொல்ல, தாசில்தார் நாற்காலியில் சாய்ந்துவிட்டார். "இந்த ஊருல சும்மா இருக்குற கலரே கிடையாதா?" என்றார்.

அப்போதுதான் என் பையிலிருந்து எட்டிப் பார்த்துக்கொண்டிருந்த துணி என் கண்ணில் பட்டது. நீலமும் வெள்ளையும் பழுப்புமாகக் கோடு போட்ட பட்டாபட்டி. அரை டிராயருக்கு வைத்துத் தைக்கிற துணி. உலகத்தில் எந்தக் கட்சியும் அதைக் கொடியாக வைத்துக்கொள்ளாது என்று எனக்கு நிச்சயம். எடுத்து மேசைமேல் விரித்தேன்.

"இதுக்கு யாராச்சும் ஆட்சேபணை உண்டா?" என்றார் தாசில்தார்.

துரைக்கண்ணுவின் முகம் ஒரு மாதிரி ஆனது. அந்தத் துணி அவருக்கு முந்தின வாரம் நாலு டிராயர் தைத்ததில் மீந்தது. ஆட்சேபணை என்று சொன்னால் ஏன் என்று கேட்பார்கள். அவர் உத்தரத்தைப் பார்த்துக்கொண்டு, "இல்ல" என்றார்.

கொடி விஷயம் முடிந்தது. ஆனால் அவர் விடவில்லை. "கலரு கிடக்கட்டுங்க. அந்த நோட்டுல முதப் பக்கத்துல குத்தகை உழவர் ஐயாவுன்னு எழுதியிருக்கா. அத அடிச்சுட்டு, கூலியாள் ஐயாவுன்னு எழுதச் சொல்லுங்க. எழுதுனா டிராக்டர் வராது."

ஐயாவு மகளின் பக்கம் திரும்பி மெதுவாகச் சொன்னார்: "எழுதிடும்மா. பேருல என்னா இருக்கு. நீ படிப்ப முடி."

அம்சம் நோட்டை மார்போடு பிடித்துக்கொண்டாள்.

"எழுதமாட்டேம்ப்பா. பதினெட்டு வருசமா குத்தகை அளக்குறவரக் கூலின்னு முத வரியிலேயே பொய் எழுதிட்டா, அதுக்குக் கீழ நான் எழுதுன தண்ணி அளவ எவன் நம்புவான்? அய்யா டிராக்டர் விடுறதா இருந்தா விடட்டும். நான் குச்சியப் புடுங்கிக்கிறேன்."

சொல்லிவிட்டு அழுதாள். அவ்வளவு பெரிய படிப்புப் படித்த பெண், தாலுகா ஆபீஸில் மூக்கைச் சிந்திக்கொண்டு நின்றாள். எனக்கு அதைப் பார்க்கப் பொறுக்கவில்லை. நான் செய்த கோளாறை நானே சரிசெய்ய வேண்டாமா? வாழ்நாளில் துணியில்தான் கொஞ்சம் முன்னே பின்னே வெட்டியிருக்கிறேன். அன்றைக்குப் பேச்சிலும் வெட்டினேன்.

"அம்சம், நீ ஏம்மா கவலைப்படுறே? தியாகராசன் பிள்ளை நேத்தே கடைக்கு வந்து சொல்லிட்டுப் போனாரே. அவரு வயலத் தர்றாராம். புஸ்தகத்துல அவரு பேரு வந்தா சரியாம்."

தியாகராசன், துரைக்கண்ணுவின் பங்காளி. இரண்டு பேருக்கும் ஒரே வரப்பு. இவர் மாடி கட்டினால் அவர் மாடிமேல் ஒரு கைப்பிடிச்சுவர் அதிகம் வைப்பார். அல்லா சத்தியமாகத் தியாகராசன் என்னிடம் அப்படி ஒன்றும் சொல்லவில்லை. அவர் என் கடைக்கு வந்தே மூன்று மாதம் ஆகியிருந்தது.

துரைக்கண்ணு நிமிர்ந்து உட்கார்ந்தார். "என்ன புஸ்தகம்?"

"ஆராய்ச்சி முடிஞ்சா கெட்டி அட்டை போட்டுப் புஸ்தகமா வருமுங்க" என்றாள் அம்சம், கண்ணைத் துடைத்துக்கொண்டு. "யுனிவர்சிட்டி லைப்ரரியில வெப்பாங்க. வெளிநாட்டுலேருந்து வர்றவங்களும் எடுத்துப் படிப்பாங்க."

"நிலத்துக்காரன் பேரு எங்க வரும்?"

"முன்பக்கத்துல. மேல."

"தியாகராசன் பேரா?"

"யாரு வயலோ அவரு பேரு."

துரைக்கண்ணு மீசையை நீவினார். "சரி, எம் பேரு மேல வரட்டும். இவன் பேரு எதுக்கு?"

"ரெண்டும் சேந்துதாங்க வரும். உங்க பேரு இருந்தா அப்பா பேரும் இருக்கும்."

அவர் யோசித்தார். சுவர்க் கடிகாரத்தில் பன்னிரண்டேகால். தாசில்தார் சாப்பாட்டுக் கூடையைப் பார்த்தார்.

"அந்தப் புஸ்தகம் தமிழா, இங்கிலீஷா?" என்றார் துரைக்கண்ணு திடீரென்று.

"இங்கிலீஷுங்க."

அவர் முகம் தெளிந்துவிட்டது. "அதானே பாத்தேன். இங்கிலீஷுன்னா என்ன வேணா எழுதிக்க. நம்ம ஊருல எவன் படிக்கப் போறான்?" என்று சிரித்துக்கொண்டே, அம்சம் நீட்டிய சம்மதத் தாளில் பட்டையாகக் கையெழுத்துப் போட்டார். அதுவும் இங்கிலீஷ் தாள்தான், புத்தகத்தின் முன்பக்கத்தில் அப்படியே சேர்க்க வேண்டியது.

அன்று சாயங்காலமே ஆறு பட்டாபட்டிக் கொடி வயலில் ஏறியது. ஊர் சிரித்த சிரிப்பில் விஷயம் எல்லார் மனசிலும் ஏறிவிட்டது. "பட்டாபட்டிக்குத் தண்ணி காட்டாதே" என்று பால்காரரே காவல் காத்தார். ராமாயி களையெடுக்க இறங்கினாள். அம்சம் மழையோ வெயிலோ ஒரு நாள் விடாமல் அளந்தாள். அறுவடையில் பன்னிரண்டு பாத்தியையும் தனித்தனியாக அறுத்துத் தூற்றி எடை போட்டார்கள். காய்ச்சல் பாய்ச்சல் பாத்திகளில் மூன்றில் ஒரு பங்கு தண்ணீர் மிச்சம், நெல் ஏறக்குறைய அதே அளவு. ஏழாம் பாத்தியில் மட்டும் எலி தின்றுவிட்டது. அதை மறைக்காமல், எலி தின்றது என்றே எழுதினாள்.

பட்டம் வாங்கினாள். சர்க்கார் வேலையும் கிடைத்தது. சேலத்துப் பக்கம் மலைச்சரிவில் மண்ணரிப்பைத் தடுக்கிற உத்தியோகம். மலையே பார்க்காமல் வளர்ந்தவளைத் தேடிப்பிடித்து மலையில் போட்டார்கள். துரைக்கண்ணு அவளை விரட்டி விரட்டிப் புத்தகத்தின் முன்பக்கத்துக்கு ஒரு நகல் வாங்கி, கண்ணாடிச் சட்டம் போட்டுக் கூடத்தில் மாட்டிக்கொண்டார். பங்காளி வீட்டு விசேஷத்துக்கு வந்தவர்களையெல்லாம் தன் வீட்டுக்கு இழுத்து வந்து காட்டினார். தியாகராசன் ஒரு வாரம் சரியாகச் சாப்பிடவில்லை என்று கேள்வி.

மூன்று வருஷம் போயிற்று. துரைக்கண்ணுவின் மருமகனுக்கு அந்த மூன்று மாவில் செங்கல் காளவாய் போட ஆசை வந்தது. "நிலத்த விட்டுடு ஐயாவு. நீ என்ன குத்தகையா? கூலிக்குத்தானே உழுதே" என்றார் துரைக்கண்ணு, கண்ணில் பொட்டு வெட்கமில்லாமல். ஐயாவு மனுக் கொடுத்தார். கையில் ஒரு சீட்டும் இல்லை. விசாரணைக்கு ஓர் அதிகாரி வந்தார், இளவயசு. அம்சம் லீவு போட்டு வந்து அப்பா பக்கத்தில் நின்றாள். அவள் புத்தகத்தைப் பையிலிருந்து எடுக்கக்கூட வேலை வரவில்லை. வந்த அதிகாரியைக் காப்பிக்கு உள்ளே அழைத்து, கூடத்தில் அந்தக் கண்ணாடிச் சட்டத்துக்கு நேராக உட்காரவைத்து, மின்விசிறியைத் திருப்பிவிட்டவர் துரைக்கண்ணுவேதான்.

அதிகாரி எழுந்து போய்ப் படித்தார். எல்லாருக்கும் கேட்கும்படி தமிழில் சொன்னார்: "நில உரிமையாளர் துரைக்கண்ணு. குத்தகை உழவர் ஐயாவு, பதினெட்டு ஆண்டுகளாக." பிறகு கீழே விரலை வைத்து, "இந்தக் கையெழுத்து உங்களுதுங்களா?" என்றார்.

துரைக்கண்ணு மின்விசிறியைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டார். உள்ளேயிருந்து மங்களாம்பிகை அம்மாளின் குரல் வந்தது: "நான் அப்பவே சொன்னேன், அந்த எடத்துல முருகன் படத்த மாட்டுங்கன்னு."

ஐயாவு பெயர் தாலுகா ஆபீஸில் குத்தகைக்காரராக ஏறியது. காளவாய் வரவில்லை. துரைக்கண்ணு இப்போதும் என்னிடம்தான் டிராயர் தைக்கிறார். ஆனால் கோடு போட்ட துணியைக் காட்டினால் முகத்தைத் திருப்பிக்கொள்வார்.

உத்தரவு வந்த மறுவாரம் ஐயாவு என் கடைக்கு வந்தார். அந்த மனுஷன் தனக்கென்று என்னிடம் எதுவும் தைக்கக் கொடுத்ததில்லை. மடியிலிருந்து அந்தத் தாளை எடுத்து, அவர் பெயர் எந்த இடத்தில் இருக்கிறது என்று காட்டச் சொன்னார். காட்டினேன். அந்த எழுத்தை விரலால் தடவிப் பார்த்துவிட்டுத் தாளை மடித்து மறுபடி மடியில் செருகிக்கொண்டார்.

"பாய், அந்தப் பட்டாபட்டியில ஒண்ணு தச்சுக் குடுங்க. வயல்ல நடணும்."

"இப்ப எதுக்குங்க? எந்தக் கட்சின்னு கேப்பாங்களே."

"எங் கட்சின்னு சொல்லிக்கிறேன்" என்றார்.

அதற்கு நான் கூலி வாங்கவில்லை. ஓரத்துக்கு மட்டும் இரட்டைத் தையல் போட்டேன்.